பாவாடைக்கு ஒரு பாக்கெட்

இடுப்பளவு எடுக்கும்போது டேப் எதிலோ போய் இடித்தது. பாஞ்சாலி டேப்பைத் தளர்த்தி, அரை விரல் மேலே ஏற்றி, மறுபடி சுற்றினாள். மறுபடியும் இடித்தது. சேலைக்குள் சதுரமாக, கெட்டியாக, சீட்டுக்கட்டு அளவில் ஏதோ ஒரு சாமான்.

"சாவிப் பெட்டிங்களாக்கா? எடுத்து வச்சிட்டீங்கன்னா அளவு சரியா வரும்."

"அது சின்ன ரேடியோ. எடுக்க முடியாது. நீ சும்மா ஒரு இஞ்சு கழிச்சிக்கோ."

கழற்ற முடியாத ரேடியோ என்று ஒன்று இருப்பது பாஞ்சாலிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் வாடிக்கையாளரிடம் எதிர்க் கேள்வி கேட்கிற நேரமா அது? எண்பத்தேழாம் வருஷம் மே மாதம். கல்யாண முகூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. விழுப்புரம் நேருஜி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருந்த அவளுடைய ஒற்றை அறைத் தையல் கடையில், வெட்டாத ஜாக்கெட் துணி மட்டும் இரண்டு மூட்டை. வாசல் பெஞ்சில் மூன்று பெண்கள் வேறு விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்த அம்மாளுக்கு நாற்பது வயதுக்குமேல் ஒன்றிரண்டு இருக்கும். பெயர் சவுரியம்மாள். பிறந்தது திண்டிவனம். வாக்கப்பட்டது புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பத்தில். புருஷனோடு பிரான்சுக்குப் போய்ப் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்தவள், இப்போது வளவனூரில் நாத்தனார் வீட்டில் தங்கியிருக்கிறாள். இதெல்லாம் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் நுழைந்த ஐந்து நிமிஷத்தில் அவளே சொல்லி முடித்துவிட்டாள். ரேடியோவைப் பற்றி மட்டும்தான் பேச்சு நின்றது.

"திண்டிவனத்துலயே நல்ல டைலருங்க இருக்காங்களேக்கா. அத உட்டுட்டு இங்க ஏன்?"

"அங்க தச்சா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"பாவாடை தைக்கிறது தெரிஞ்சா இன்னா?"

சவுரியம்மாள் திரையை நன்றாக இழுத்து மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பாவாடைக்குள்ள ஒரு பாக்கெட்டு வேணும். இந்தச் சாமான் அதுல ஒக்காரணும். வெளிய தெரியக் கூடாது. ஆடக் கூடாது. ஒரு சின்ன ஒயர் வெளிய வர்றதுக்கு ஓட்டை வேணும். முடியுமா?"

பாஞ்சாலி டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்தாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. மெல்லிய வாடை. புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, அது மாதிரி. பவுடர் வாசனையையும் சென்ட் வாசனையையும் தாண்டி வந்தது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் பாஞ்சாலிக்கு அது தெரியும். தினம் காலையிலும் சாயங்காலமும் அவள் விரலில் ஒட்டுகிற வாடை.

"அக்கா, இது இன்சுலினுதானே?"

சவுரியம்மாள் ஒரு அடி பின்னால் போய்த் தையல் மெஷினில் இடித்துக்கொண்டாள். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பாஞ்சாலி மெஷினுக்கு அடியில் இருந்த மண் கலயத்தின் மூடியைத் திறந்தாள். ஈரமணலில் கழுத்தளவு புதைந்து இரண்டு குட்டிப் பாட்டில்கள் நின்றன. ஒன்றில் தண்ணீர் மாதிரி, ஒன்றில் பால் மாதிரி மருந்து. பக்கத்தில் கண்ணாடி சிரிஞ்சு வைக்கிற எவர்சில்வர் டப்பா.

"பதினோரு வயசுலருந்துக்கா. இப்ப இருவத்தாறு."

சவுரியம்மாள் அந்தக் கலயத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஞ்சாலிக்கும் சிரிப்பு வந்தது. ஏன் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. வெளியே பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இன்னாடி பாஞ்சாலி, அளவெடுக்கிறியா, கிச்சுக்கிச்சு மூட்டுறியா? ஜல்தி ஆவட்டும்!" என்று சத்தம் போட்டாள்.

*

ரேடியோ இல்லை, பம்பு. சவுரியம்மாள் அதை இடுப்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பெட்டிக்குள் மருந்து நிரப்பிய ஒரு சிறு குழல். அதிலிருந்து கொசுவர்த்திப் புகைபோல மெல்லிசாக ஒரு டியூப் புறப்பட்டு வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்கு அடியில் போய் மறைந்தது. அங்கே ஒரு சின்ன ஊசி தோலுக்குள்ளேயே இருக்கிறதாம். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றினால் போதுமாம். பெட்டி ராத்திரி பகல் என்று பார்க்காமல் சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிடப் போகும்போது மட்டும் ஒரு பொத்தானை அமுக்கி, சாப்பாட்டுக்குத் தக்க மருந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"அப்ப எப்ப வேணாலும் சாப்புடலாமாக்கா?"

"எப்ப வேணாலும். நாலு மணிக்குக்கூட மத்தியான சாப்பாடு சாப்பிட்டிருக்கேன்."

பாஞ்சாலிக்கு ஊசித் தொல்லை போகிறதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த நாலு மணிச் சாப்பாடுதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய நாள் கடிகாரத்தின் சொத்து. விடிகாலையில் எழுந்து, சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சோதனைக் குழாயில் நீல மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்ல நாள். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் நேற்று யார் வீட்டிலோ எதையோ தின்றிருக்கிறாள். செங்கல் நிறம் வந்தால் அவள் புருஷன் வேங்கடேசன் பக்கத்தில் நின்று, "நேத்து அந்த மாம்பழத்த நான்தானே திங்கச் சொன்னேன்!" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வான். அவன் ரயில்வே ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கிறான். காலையில் ஒரு அடுப்பில் பாலையும் இன்னொன்றில் சிரிஞ்சையும் காய்ச்சுவது அவன் பொறுப்பு. ஊசி போட்ட அரை மணியில் இட்லி உள்ளே போயாக வேண்டும். மத்தியானம் ஒரு மணி தாண்டினால் கை நடுங்கும். காஜா எடுக்கிற ஊசி துணியை விட்டுவிட்டு விரலில் ஏறும். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரையை மூடிக்கொண்டு இன்னொரு ஊசி.

கடைக்கு வருகிற யாருக்கும் இது தெரியாது. ஆறு மணிக்குத் திரை மூடினால் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். தெரிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று துணி கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று அவளுக்கு ஒரு பயம்.

"நீங்களும் வூட்டுல சொல்லலியாக்கா?"

"அங்க எல்லாருக்கும் தெரியும். நான் வேலை பாக்கிற ஸ்கூல் கேன்டீன்ல சமையக்காரருக்குக்கூடத் தெரியும். இங்கதான் சொல்லல. சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? நான் உள்ள வந்ததும் லட்டுத் தட்டைத் தூக்கி அலமாரி மேல வச்சிடுவாங்க. பிரான்சுக்குப் போயிக் கெட்டா பாருன்னு ஆளாளுக்கு உச்சு கொட்டுவாங்க. வருஷக் கணக்குக்கப்புறம் வர்றேன். பட்டுப்புடவை கட்டிக்கினு சந்தோசமா நின்னுட்டுப் போறேனே."

அந்த நியாயம் பாஞ்சாலிக்கு விளங்கியது. "பாக்கெட்டு என் பொறுப்புக்கா," என்றாள்.

*

சொல்லிவிட்டாளே தவிர, அது லேசுப்பட்ட வேலையாக இல்லை.

முதல் பாவாடையில் பாக்கெட்டை நாடாவுக்குக் கீழேயே வைத்தாள். சவுரியம்மாள் கட்டிப் பார்த்து நாடாவை இழுத்து முடிந்ததும் டியூப் நசுங்கி, பெட்டி வீல் வீல் என்று கத்தியது. வெளியே இருந்தவர்கள் தீயணைப்பு வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவதில் தொடைக்கு இறக்கினாள். பெட்டி பத்திரமாக உட்கார்ந்தது. ஆனால் பொத்தானை அமுக்க வேண்டுமென்றால் பந்தியில் உட்கார்ந்து சேலையைத் தூக்க வேண்டும். "நல்லா இருக்கும்," என்றாள் சவுரியம்மாள். "கல்யாணத்துக்கு வந்தவங்க பொண்ணை உட்டுட்டு என்னப் பாப்பாங்க."

மூன்றாவதுக்கு முன்னால் பாஞ்சாலி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பாவாடை நாடா முடிகிற இடத்தில் எப்படியும் ஒரு திறப்பு இருக்கிறது. அதை இடது பக்கம் கொண்டுபோனால்? உள்ளே தனியாக ஒரு பட்டையில் பையைத் தொங்கவிட்டால் நாடா இறுக்கம் டியூப்பில் விழாது. முந்தானைக்கு அடியில் கையை விட்டால் பொத்தான் நேராக விரலுக்குச் சிக்கும். யாராவது பார்த்தாலும் சேலை சரிசெய்கிறாள் என்றுதான் தோன்றும்.

தைத்து முடித்ததும், சோதித்துப் பார்க்காமல் கொடுக்க மனசு வரவில்லை. பம்பு அளவுக்கு ஒரு துணிச் சோப்பை வெட்டிப் பைக்குள் போட்டு, அந்தப் பாவாடையைத் தானே கட்டிக்கொண்டாள். அதோடு கடைக்குப் போனாள், மெஷின் மிதித்தாள், மார்க்கெட்டுக்குப் போனாள், கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நூல் வாங்கி வந்தாள், குனிந்து வாசல் பெருக்கினாள். சோப்பு இம்மி நகரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றபோது வேங்கடேசன் அவள் காலடியைப் பார்த்தான்.

"பாஞ்சாலி, இன்னா இது? நடக்கச் சொல்ல நொர நொரயா வருது?"

மே மாத வேர்வையில் சோப்புக் கரைந்து, பை நனைந்து, கணுக்காலில் நுரை வழிந்துகொண்டிருந்தது. வேங்கடேசன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். பாஞ்சாலி சிரிக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இப்படித் தண்ணீர் போயிருந்தால்? மறுநாள் பைக்குள் ரெக்சின் துணியில் ஒரு லைனிங் கொடுத்தாள். மறுபடி சோப்பு. மறுபடி பஸ். இந்தத் தடவை சோப்பு காய்ந்தது காய்ந்தபடி வெளியே வந்தது.

சவுரியம்மாள் பாவாடையைக் கட்டி, மேலே சேலை சுற்றி, கண்ணாடிமுன் இப்படியும் அப்படியும் திரும்பினாள். எதுவும் தெரியவில்லை. முந்தானைக்குள் கையை விட்டாள். பொத்தான் கிடைத்தது.

"மெர்சி, மெர்சி, மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பாஞ்சாலியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "நீ கல்யாணத்துக்கு வந்தே ஆவணும். ஒம் புருசனயும் கூட்டிக்கினு வா. வர்லன்னா நான் பந்தியில ஒக்கார மாட்டேன்."

*

கல்யாணத்தன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பாசஞ்சரில் பாஞ்சாலியும் வேங்கடேசனும் திண்டிவனம் போனார்கள். பாஞ்சாலி கூடைக்குள் ஈரத்துணி சுற்றிய மருந்தும் சிரிஞ்சு டப்பாவும் வைத்திருந்தாள். விருந்து நாளில் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணி மருந்து கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பிரியாணிக்குத் தயாராகவே போனாள்.

மாதா கோயிலில் சவுரியம்மாள் முன்வரிசையில் அரக்குப் பட்டில் நின்றாள். பாஞ்சாலி பின்னால் ஒரு தூணோரம் நின்று அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது பார்த்திருந்தால் தப்பாக நினைத்திருப்பார்கள். ஒரு மேடு, ஒரு பள்ளம் இல்லை. தன் வேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வாயைத் திறந்தான். பீப், பீப், பீப்.

மாப்பிள்ளை வாயை மூடினான். சாமியார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளவட்டங்கள் எல்லாரும் ஆளுக்கு ஆள் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். சவுரியம்மாள் முந்தானைக்குள் கையை விட்டாள், சத்தம் நின்றது. கல்யாணம் தொடர்ந்தது. ஆனால் அவள் திரும்பிப் பாஞ்சாலியைத் தேடிய பார்வையில் ஏதோ இருந்தது.

வெளியே வந்ததும் சொன்னாள். "மருந்து தீந்து போச்சு. காலைல ரொப்பிடலாம்னு இருந்தேன். பொண்ணுக்கு ஜடை, பூ, காரு வந்துடுச்சின்னு ஒரே பேஜாரு. மத்தியானம் வரைக்கும் வரும்னு நெனச்சேன், வர்ல. வூட்டுல ரெண்டு பாட்டில் வச்சிருக்கேன். வா."

தம்பி சவுரிராயன் வீடு கோயிலுக்கு அடுத்த தெருவில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பந்தல் போட்டு விருந்து. தம்பி பெண்டாட்டி பூமாலை, சம்பந்திகளுக்கு ரோஜாப்பூத் தட்டு தூக்கியபடி ஓடிக்கொண்டிருந்தாள்.

"பூமாலை, நேத்து ஒரு சின்ன டப்பா குடுத்தேனே, அது எங்க?"

"ஃபேஸ் லோஷனுதானே அண்ணி? பத்திரமா வச்சிருக்கேன்!" என்றாள் பூமாலை பெருமையாக. பெண்ணுக்குச் சீராக வாங்கிய புது ஃபிரிட்ஜ் கூடத்தில் மாலை போட்டு நின்றது. கதவைத் திறந்து, மேலே இருந்த ஐஸ் அறையையும் திறந்தாள். "சில்லுன்னு இருக்கணும்னு சொன்னீங்களே. கீழ வச்சா அவ்வளவா ஆவல. மேல வச்சிட்டேன்."

இரண்டு பாட்டிலும் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் கல்லாக உறைந்திருந்தன. ஒன்றில் கீறல் விழுந்திருந்தது.

சவுரியம்மாள் நல்ல பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். "உருகிடும். உருகுனா ரொப்பிடலாம்."

"வேணாங்கா," என்றாள் பாஞ்சாலி. அவளுக்குச் சத்தம் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஒறஞ்ச மருந்து செத்த மருந்து. எனக்கு ஒரு தடவ சோடாக் கடை ஐஸ் பொட்டில வச்சி இப்பிடித்தான் ஆச்சு. டாக்டரு தூக்கிப் போடச் சொல்லிட்டாரு. உள்ள போனா வேல செய்யுதா இல்லியான்னே தெரியாது."

"வளவனூர்ல பானைல இன்னும் நாலு இருக்குது. சாயங்காலம்தான் போவ முடியும்." சவுரியம்மாள் சோபாவில் உட்கார்ந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டாள்.

பாஞ்சாலி கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "என் மருந்தை ரொப்பிக்கலாமா?" என்று கேட்டவள், தன் பாட்டிலையும் அவள் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தானே தலையாட்டினாள். "ஆவாது. வீரியம் ஒங்களுதுல நூறுன்னு போட்டிருக்கு. என்னுது நாப்பது. பெட்டி கணக்கு தப்பிடும்."

"ஆமாம். நாப்பதைப் போட்டா எனக்குப் பாதிக்கும் கம்மியாத்தான் போவும்."

"அப்ப ஊசிதாங்கா. சிரிஞ்சும் நாப்பதுக்குள்ளதுதான், கணக்கு சரியா இருக்கும். யூனிட்டு எந்த ஊருலயும் யூனிட்டுதானே? சாப்பாட்டுக்கு எத்தன போடுவீங்க?"

"எட்டு." சொல்லிவிட்டு அவள் பாஞ்சாலி கையிலிருந்த கண்ணாடி சிரிஞ்சைப் பார்த்தாள். "இவ்ளோ பெருசா? ஐயோ! நாலு வருசமா நான் சிரிஞ்சு ஊசி போட்டுக்கல. அங்க இருக்கிறது முடி மாதிரி இருக்கும்."

"புது ஊசி ஒண்ணு கூட வச்சிருக்கேன். மாத்திக்கிறேன்."

சிரிஞ்சைக் காய்ச்ச வேண்டும். வேங்கடேசன் பழக்கப்பட்ட கையாக ஒரு சின்னப் பாத்திரத்தில் அதைப் போட்டுக்கொண்டு பந்தல் பின்புறம் போனான். பத்துப் படி பிரியாணி வெந்துகொண்டிருந்த அடுப்புகளுக்கு நடுவில் ஓரமாக இடம் கேட்டான். சமையல்காரர் துரைக்கண்ணு கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, தனியா சூப்பா?"

"ஊசிண்ணே."

"எங் கறியில ஒண்ணும் கொற இல்லியே?" என்று பதறினார் அவர். அவரைச் சமாதானப்படுத்துவதற்கே வேங்கடேசனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. சிரிஞ்சும் வெந்துவிட்டது.

உள் அறைகள் எல்லாம் நகை, பட்டு, சீர் சாமான் என்று பூட்டிக் கிடந்தன. குழந்தைகள் தூங்குகிற அறை ஒன்றுதான் திறந்திருந்தது. கடைசியில் பின் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். பூமாலையும் கூடவே வந்து நின்றாள். லோஷனுக்கு ஏன் ஊசி என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"பயப்படாதீங்கக்கா. நான் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ ஊசி எறக்குறவ."

"துணியில எறக்குறே! நான் துணியா?"

"கண்ண மூடிக்கங்க. பிரான்சுல இன்னா காய் நல்லா இருக்கும்?"

"இன்னா காயி... ஆர்த்திஷோன்னு ஒண்ணு, பூ மாதிரி... ஆ!" தாழ்வாரம் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். "முடிஞ்சிச்சா?"

"எப்பவோ."

சத்தம் கேட்டுப் பந்தலிலிருந்து பத்துப் பேர் ஓடி வந்தார்கள். சவுரிராயன் வியர்க்க விறுவிறுக்க முன்னால் வந்தார். இனி மறைக்க முடியாது. சவுரியம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, தம்பியையும் பூமாலையையும் பார்த்து நேராகச் சொல்லிவிட்டாள். பதிமூன்று வருஷமாகச் சர்க்கரை வியாதி. இன்சுலின் இல்லாமல் முடியாது. இது லோஷன் இல்லை.

சவுரிராயன் அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பூமாலைதான் பேசினாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனாலும் கோபமாகத்தான் பேசினாள்.

"ஏன் அண்ணி, மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அத ஐஸ்லயா கொண்டுபோயி வைப்பேன்? எங்க வைக்கணும்னு கேட்டு வச்சிருக்க மாட்டேனா? லோஷனு லோஷனுன்னு... ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"தப்புதான் பூமாலை."

"லட்டு திங்கலாமா கூடாதா? அத மொதல்ல சொல்லுங்க."

"ஒண்ணு திங்கலாம்."

"ஒண்ணுதான் வைப்பேன்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூமாலை மறுபடி ரோஜாப்பூத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். விஷயம் அவ்வளவுதான். யாரும் உச்சு கொட்டவில்லை. கொட்டுவதற்கு நேரமும் இல்லை. முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். பாஞ்சாலியும் விருந்துக்கான கூடுதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். தாழ்வாரத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். திரை இல்லை, மூடுவதற்குக் கதவும் இல்லை. ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் தன் ஊசியை மாற்றி, மருந்து இழுத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, புஜத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் சிரிஞ்சை டப்பாவில் வைத்து நிமிர்ந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு எதிரில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"எனக்கும் ஒண்ணு போடும்மா."

"ஒங்களுக்கு இன்னாத்துக்குங்க?"

"பிரான்சு வைட்டமினுன்னு சொன்னாங்க. அந்தம்மா எப்பிடி தளதளன்னு இருக்குது பாரு. எனக்கு மூட்டுல ஒரே வலி."

அந்த மூன்று பேரையும் பந்திக்கு அனுப்பிவைக்க வேங்கடேசனும் சவுரிராயனும் சேர்ந்து பேச வேண்டியிருந்தது. பெரியவருக்கு மட்டும் கடைசிவரை மனசு ஆறவில்லை. வேண்டியவர்களுக்கு மட்டும் போடுகிறார்கள் என்று இலையில் உட்கார்ந்தும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

*

சாப்பிட்டு முடிந்து, வெயிலுக்கு எல்லாரும் ஆங்காங்கே சாய்ந்துவிட்ட நேரம். குழந்தைகள் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சவுரியம்மாள் வயிற்றிலிருந்த ஊசியையும் டியூப்பையும் எடுத்துவிட்டிருந்தாள். காலிப் பெட்டி மட்டும் கட்டில்மேல் கிடந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"ஒரு மணி நேரம் அத நான் இடுப்புல வச்சிக்கட்டுமா? சும்மாதான்."

சவுரியம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து, சுவிட்சை அணைத்து, தன் பாவாடைப் பையையே பட்டையோடு அவிழ்த்துக் கொடுத்தாள். பாஞ்சாலி அதை இடது இடுப்பில் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துவிட்டு, எழுந்து நடந்தாள். கூடத்தைத் தாண்டி, பந்தலைச் சுற்றி, தெருமுனை வரைக்கும் போனாள். ஒரு கடையில் நின்று கலர் சோடா விலை கேட்டாள், வாங்கவில்லை. பெட்டிக்குள் ஒரு சொட்டு மருந்து கிடையாது, உடம்புக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை, எல்லாம் தெரியும். இருந்தாலும் கையை வீசிக்கொண்டு நடந்தாள். மணி என்ன என்று பார்க்கவில்லை. பதினைந்து வருஷத்தில் மணி பார்க்காமல் அவள் நடந்த தூரம் அதுதான்.

திரும்பி வந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

"கனமாத்தான் இருக்குதுங்க. ஆனா பசிச்சா சாப்புடலாம், பசிக்கலன்னா இருந்துக்கலாம்னு நெனச்சிக்கினே நடந்தேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அழுவ வர்லக்கா. நல்லா இருந்துச்சு."

"இங்கயும் வரும் பாஞ்சாலி. அங்க ஆஸ்பத்திரிலயும் மொதல்ல எனக்குக் குடுக்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. விடாம போயி ஒக்காந்தேன்."

"வந்தா நல்லதுதான். வர்ற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு இருக்காரு, அடுப்பும் இருக்குது."

நாலு மணி பஸ்ஸில் மூவரும் விழுப்புரம் திரும்பினார்கள். கடையைத் திறந்து, கலயத்து மருந்தில் சவுரியம்மாளுக்கு இன்னொரு சின்ன ஊசி. இந்தத் தடவை பிரான்சுக் காய்கறி எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். அவளை வளவனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பானையிலிருந்த பாட்டிலைப் பெட்டியில் நிரப்பி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பொத்தானை அமுக்கிவிட்டதாக மறுநாள் வந்து சொன்னாள். அப்படியே ஆறு பாவாடைக்குத் துணியும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன் கடைசியில் சவுரியம்மாள் பிரான்சுக்குத் திரும்பினாள். ஆகஸ்டில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே நூறு பிளாஸ்டிக் சிரிஞ்சு, ஒவ்வொன்றிலும் முடி மாதிரி ஊசி. பார்த்துப் பார்த்து நாற்பது அளவுள்ளதாகவே வாங்கி அனுப்பியிருந்தாள். கூட ஒரு கடிதம். அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் பாவாடைப் பையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் படம் வரைந்து வைத்துக்கொண்டாளாம். ரெக்சின் யோசனை யாருடையது என்று கேட்டாளாம். சோப்புக் கதையைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியாமல் தான் பட்ட பாட்டை ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.

பாஞ்சாலி கடிதத்தை மெஷின் பலகையில் வைத்துவிட்டுப் புதுச் சிரிஞ்சு ஒன்றைப் பிரித்தாள். சாயங்காலம் ஆறு மணி. பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரை தன்பாட்டுக்கு ஒரு ஓரமாகக் கிடந்தது. அவள் மருந்தை இழுத்துப் போட்டுக்கொண்டதை இருவரும் பார்த்தார்கள்.

"இன்னாம்மா அது?" என்றாள் ஒருத்தி.

"சக்கரை வியாதிங்க. தெனம் ரெண்டு வேள போட்டுக்கணும். சின்ன வயசுலருந்து இருக்குது. யாருக்கும் ஒட்டாது."

"வலிக்குமா?"

"இந்த ஊசி வலிக்கல." சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டுப் புஜத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நெசமாவே வலிக்கல."

"அப்ப சரி," என்றாள் அந்தப் பெண், மடியிலிருந்த பச்சைத் துணியை விரித்து. "இதுக்குக் கை நீளமா வைக்கலாமா, குட்டையா வைக்கலாமா? நீயே சொல்லு."